அந்த 'உயர்கல்வி ஆலோசகர்' அண்ணனுக்கு

உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி ஒன்றில், கிரிமினாலஜி (குற்றவியல்) படிக்கலாமா என்று கேட்ட பையனை நீங்கள் சொல்லும் அந்த ஆலோசகர் அண்ணன் கேலி செய்யும் வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். நான் படித்த படிப்பு அது. பார்த்துவிட்டேன், போதும். "கிரிமினாலஜியா? கத்தி பிடிக்கச் சொல்லித் தருவாங்களா தம்பி?" என்று அவர் கேட்டதும் மண்டபமே சிரிக்கிறது. கேட்ட பையன் மைக்கைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். குற்றவியல் போலீஸ் ட்ரெயினிங் இல்லை. ரத்தக்கறையை ஆராய்வது தடயவியல், அது வேறு படிப்பு. ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார், எது குற்றம் என்று முடிவு செய்வது யார், சிறைக்குப் போய்வந்தவர் என்ன ஆகிறார், பாதிக்கப்பட்டவரை யார் கவனிக்கிறார்கள் என்பதெல்லாம்தான் பாடம்.

முதலாமாண்டிலேயே பிரிட்டிஷ் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் படித்தோம். பிறந்த சாதிக்காகவே ஆட்களைப் பதிவு செய்து கைரேகை எடுத்த சட்டம். அதை எதிர்த்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பிறவிக் குற்றவாளியை உடற்கூறை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்ற இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோவையும் படித்தோம். "அந்த ஏரியா பசங்களைப் பார்த்தாலே தெரியும்" என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் லொம்ப்ரோசோவைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் சம்பளம் வாங்காமல் அவருக்குத்தான் வேலை பார்க்கிறார்கள்.

"வேலை எங்கே இருக்கு?" என்பீர்கள். குறைவுதான். எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். முதுகலையும் முடித்தால் நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு, சீர்திருத்தப் பணி என்று சில வழிகள் உண்டு. பொறியியல் முடித்தவர்கள் எல்லாரும் இன்று பொறியாளராகவா இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு இவ்வளவுதான் பதில்.

"அதுக்கு லா படிச்சிருக்கலாமே" என்பவர்களுக்கு ஒன்று. களப்பயணமாக மத்தியச் சிறைக்குப் போயிருந்தோம். மனு பார்க்க, அதாவது உள்ளே இருக்கும் மகனைச் சந்திக்க, வந்த ஓர் அம்மா கட்டைப்பையோடு வாசலில் நின்றார். மகனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டதாம், வீட்டு வரி ரசீது காட்டிப் பொறுப்பேற்கும் ஜாமீன்தாரர்தான் கிடைக்கவில்லையாம். "வாடகை வீட்டுல இருக்கிற எனக்கு வீட்டு வரி ரசீது யாரும்மா தருவா?" என்று என்னிடம் சண்டைக்கே வந்தார். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது, பையன் மட்டும் உள்ளே இருக்கிறான். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டாமா? திரும்பச் சொல்கிறேன், இது போலீஸ் ட்ரெயினிங் இல்லை.

இவ்வளவு கோபம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெண் பார்க்க வந்தவர்கள் என் படிப்பைக் கேட்டபோது, "சோஷியாலஜி மாதிரி ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அப்பா தரையைப் பார்த்தார். ஃபீஸ் கட்டக் கடன் வாங்கிய மனுஷன் அவர். அவரை அப்படிச் சொல்லவைத்தது இந்த மண்டபச் சிரிப்புதான். உடனே "ஒரு ஜோக்கைக்கூடத் தாங்க முடியலையா" என்று கமெண்டில் வருவீர்கள். வாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை மைக் முன்னால் நிறுத்திவிட்டு வாருங்கள்.

அந்தப் பையனை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனாரிலும் இதற்குத் தனித்துறையே இருக்கிறது. இன்பாக்ஸில் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். என் சம்பளத்தைக் கேட்டால்கூடச் சொல்வேன். ஒரு சீட்டுக்கு எவ்வளவு கமிஷன் என்பதை அந்த அண்ணனும் சொல்வாரா?