காரணம் சொல்லாமல் ஒரு மலைக்கு

போன மாதம் நானும் இவரும் பிள்ளைகள் இல்லாமல் இரண்டு இரவு ஏற்காட்டில் தங்கிவிட்டு வந்தோம். நேர்த்திக்கடன் இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் இல்லை. ஆபீஸ் வேலையும் இல்லை. ரெண்டு பேரும் கொஞ்சம் சேர்ந்து இருக்கணும் என்று தோன்றியது, போனோம்.

வந்ததிலிருந்து "பிள்ளைங்கள விட்டுட்டா போனீங்க?" என்று பதினொரு பேர் கேட்டுவிட்டார்கள். பதினொரு பேரும் என்னிடம்தான் கேட்டார்கள். இவர் வேலை விஷயமாக மாதத்துக்கு நாலைந்து இரவு ஓசூரில் தங்குகிறவர். "பிள்ளைங்கள விட்டுட்டா வந்தீங்க?" என்று அங்கே அவரை யாரும் கேட்டதில்லை. எனக்கு இது வலிக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊரில் பிள்ளை பெற்ற புருஷன் பெண்டாட்டி தனியாக ஓர் ஊருக்குப் போகலாம், தடையே இல்லை. ஆனால் கையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். திருச்செந்தூர் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வேலூரில் டாக்டரைப் பார்க்க என்றால் பக்கத்து வீட்டிலேயே பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள். துக்க வீடு, வளைகாப்பு, நிலப் பத்திரம், எதுவானாலும் சரி. "நாங்க ரெண்டு பேரும் சும்மா இருக்கப் போறோம்" என்று சொன்னால்தான் முகம் மாறுகிறது. அந்த முகத்துக்குப் பயந்து நாங்களும் ஒரு தடவை பொய் சொல்லியிருக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏலகிரி போனோம். பிள்ளைகளை என் தங்கை வீட்டில் விட்டு, "வாணியம்பாடியில ஆபீஸ் ஆள் ஒருத்தர் கல்யாணம், பிள்ளைங்களுக்கு அலைச்சல்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பதினாலு வளைவு ஏறி, புங்கனூர் ஏரிக்கரையில் ஒரு ரூம். அன்று சாயங்காலம் வீடியோ காலில் பெரியவள் வந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. "கல்யாணப் பொண்ணைக் காட்டும்மா" என்றாள். நெட் வரலை என்று சொல்லிக் கட் பண்ணினேன். மறுபடி கூப்பிட்டாள். "பின்னாடி பாட்டுச் சத்தமே இல்லையே, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். அதற்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே மலை இறங்கிவிட்டோம். பிள்ளையை விட்டுவிட்டுப் போனது அன்றைக்கு என்னை உறுத்தவில்லை. பொய் சொல்லி விட்டுப் போனதுதான் உறுத்தியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

அதனால் இந்தத் தடவை முதலில் அத்தையிடம் பேசினேன். போனில் இல்லை, தீபாவளிக்குச் சேலம் போயிருந்தபோது அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து. "நவம்பர்ல ஒரு வெள்ளி, சனி நாங்க ரெண்டு பேரும் மட்டும் ஏற்காட்டுல தங்கலாம்னு இருக்கோம் அத்தை. பிள்ளைங்கள உங்களால பாத்துக்க முடியுமா? முடியலைன்னா தயங்காம சொல்லுங்க, வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம்" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் வெங்காயத்தையே நறுக்கிக்கொண்டிருந்தார். "எதுக்கு?" என்று கேட்டார். "சும்மாதான் அத்தை. பேசிக்கவே நேரம் இல்ல" என்றேன். "சரி, விட்டுட்டுப் போங்க" என்றார்.

தாத்தா பாட்டி என்றால் சம்பளமில்லாத ஆயா என்று நினைக்கிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. தயவுசெய்து கேளுங்கள். மாட்டேன் என்று சொல்லும் உரிமையோடு கேளுங்கள். அத்தைக்கு மூட்டுவலி, மாமாவுக்குச் சர்க்கரை. இரண்டு நாளும் மதியச் சாப்பாட்டுக்குத் தெரு முனை மெஸ்ஸில் முன்பணம் கொடுத்துவிட்டேன். இட்லி மாவு அரைத்து வைத்தேன். சின்னவனைக் குளிப்பாட்ட அத்தை குனிய வேண்டியதில்லை, இரண்டு நாள் குளிக்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு தாளில் பிள்ளைகளின் எடை, காய்ச்சல் வந்தால் எந்த மருந்து எத்தனை மில்லி, பெரியவளுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, பக்கத்து டாக்டர் எத்தனை மணி வரை இருப்பார், எல்லாம் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினேன். மாமா கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறதா என்று படிக்கச் சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

ஏன் ஏற்காடு என்றால், இதற்காகத்தான். ஊட்டியும் மூணாறும் அழகுதான். ஆனால் முதல் தடவை பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடக்கூடிய தூரத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் அபிப்பிராயம். சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சுமார். இருபது கொண்டை ஊசி வளைவு. நடு ராத்திரி காய்ச்சல் என்று போன் வந்தால் ஒரு கார் பிடித்து இறங்கிவிடலாம். அந்தத் தைரியம் இருந்ததால்தான் அங்கே என்னால் நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

பிள்ளைகளுக்கும் உள்ளதைச் சொன்னோம். "அப்பாவும் அம்மாவும் ரெண்டு ராத்திரி அந்த மலை மேல இருப்போம். ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வந்துருவோம். தினம் சாயங்காலம் ஏழு மணிக்குப் பேசலாம்." சின்னவனுக்கு ஐந்து வயது. "என்னை ஏன் கூட்டிட்டுப் போகலை?" என்றான். "நீ உன் ஃப்ரெண்டோட தனியா விளையாடுற மாதிரி, எனக்கு அப்பாகூடத் தனியா பேசணும்" என்றேன். அழுதான். ஒரு பத்து நிமிஷம் அழுதான். அழுதபடியே அவன் பையை எடுத்துத் தாத்தா கட்டில் பக்கத்தில் வைத்தான். பிள்ளை அழாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பொய் சொல்லாதீர்கள். அழுகை பத்து நிமிஷத்தில் போய்விடுகிறது.

வியாழன் இரவு சென்னை சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் சேலம் ஜங்ஷன். பிள்ளைகளுக்கு வெள்ளி ஒரு நாள் லீவு. எங்களுக்கும் ஒரு நாள். ஞாயிறு இரவு அதே ரயிலில் திரும்பினால் திங்கள் பள்ளிக்கூடம். மே மாதம் மட்டும் வேண்டாம். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் சமயம் ஏரிக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. சனி, ஞாயிறிலும் பெங்களூர் வண்டிகள் நிறைய வரும். ஆனால் கூட்டம் எல்லாம் காலை பத்துக்கு மேல்தான். ஏரியை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

அந்த ஏரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஊர் பெயரிலேயே ஏரி இருக்கிறது, ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்பார்கள். பெரிய ஏரி இல்லை. ஒரு பக்கம் படகுத்துறை, ஒரு பக்கம் அண்ணா பூங்கா, சுற்றிலும் ரோடு. மத்தியானம் பார்த்தால் சாதாரணமாக இருக்கும். நாங்கள் போன சனிக்கிழமை காலையில் ஏரியே தெரியவில்லை, பனிமூட்டம். நடக்க நடக்கத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் 1820களில் காப்பியைக் கொண்டுவந்த மலை இது. வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, அடியில் காப்பிச் செடியில் பழம் சிவந்திருக்கிறது. ஆனால் அந்தக் கடையில் எங்களுக்குக் கிடைத்தது டீதான். வாங்கிக்கொண்டு கரைச் சுவரில் உட்கார்ந்தோம்.

முதல் நாள் சாயங்காலம் எங்களுக்குப் பேசவே எதுவும் இல்லாமல் போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாகப் பேசியதெல்லாம் பால் வாங்கியாச்சா, ஃபீஸ் கட்டியாச்சா, வேன்காரருக்குச் சொல்லியாச்சா. அது எதுவும் தேவையில்லாத இடத்தில் இரண்டு பேரும் திகைத்துப்போய் இருந்தோம். எனக்குப் பயமாகக்கூட இருந்தது. நம்மிடம் மிச்சம் ஒன்றும் இல்லையோ என்று.

சனிக்கிழமை காலை அந்தச் சுவரில் உட்கார்ந்து டீ ஆறும்வரை சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார். அவர் வேலை பார்க்கும் பிரிவை மூடப் போகிறார்கள். ஜூன் மாதமே சொல்லிவிட்டார்களாம். மார்ச் வரைதான் சம்பளம். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

ஜூன். நாங்கள் உட்கார்ந்திருந்தது நவம்பர். ஐந்து மாதம் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், நடுவில் சின்னவன் படுத்திருக்க, இந்த மனுஷர் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். "ஏன் சொல்லலை?" என்றேன். "சொல்லணும்னுதான் இருந்தேன். ராத்திரி நீ அவனைத் தூங்க வச்சுட்டு நீயும் தூங்கிருவ. காலையில வேன் வந்துரும்" என்றார். கோபப்பட ஒன்றும் இல்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. அன்று சாயங்காலம் வரை நாங்கள் எந்த இடமும் பார்க்கவில்லை. சேர்வராயன் கோயில் போகணும், ஆர்க்கிட் தோட்டம் பார்க்கணும் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். எதுவும் இல்லை. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் போய் விழுகிற கிளியூர் அருவியையும் பார்க்கவில்லை. ரூமுக்கு வந்து ஒரு பேப்பரில் கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, நான் மறுபடி முழுநேர வேலைக்குப் போனால் எவ்வளவு என்று எழுதினோம். நடுவில் தூங்கினோம். மறுபடி எழுதினோம். கல்யாணமான புதிதில் பேசியது மாதிரி பேசினோம் என்று சொல்ல மாட்டேன். அப்போது எங்களுக்கு இப்படிப் பேசத் தெரியாது.

இதனால்தான் கேட்கிறேன், இதை ஆடம்பரம் என்று ஏன் சொல்கிறீர்கள்? ரயில், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. சின்னத் தொகை இல்லை, எனக்குத் தெரியும். அந்தப் பணம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஒரு வீடுகூட இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மலையும் ஏரியும் வேண்டியதில்லை. என் தோழியும் எதிர் பிளாக்கில் இருக்கிற ஒரு குடும்பமும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். அரை நாள்தான். பீச்சில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான். பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே தொடங்குங்கள். வளர்ந்த பிறகு பார்த்துக்கலாம் என்றால் அதற்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பழகியிருப்பீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் லேடீஸ் சீட் போனோம். அங்கிருந்து பார்த்தால் கீழே வளைவு ரோடும் சேலம் ஊரும் தெரியும். இருட்டத் தொடங்கியதும் ஊர் முழுக்க விளக்கு. மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே இதில் நம் வீடு எந்தப் பக்கம் என்று தேடினோம். சரியாக ஏழு மணிக்குப் போன் வந்தது. பிள்ளைகள் இரண்டும் தாத்தாவோடு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார்கள். தட்டுவடை செட் சாப்பிட்டார்களாம், காரமாம், சின்னவன் மூன்று சாப்பிட்டானாம். அவன் போனைப் பிடுங்கி, "அம்மா, உங்க மலையில ஒரு லைட் நகருது" என்றான். குனிந்து பார்த்தேன். வளைவில் ஒரு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. "அது பஸ்ஸுடா, நானும் அதைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றேன். அவன் பார்க்கும் பஸ்ஸையே நானும் பார்க்கிறேன் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. அது வளைந்து மறையும்வரை இரண்டு பேரும் போனில் எண்ணிக்கொண்டிருந்தோம். அழவே இல்லை.

ஞாயிறு மதியம் சொன்னபடி சாப்பாட்டுக்கு வந்துவிட்டோம். சாப்பிடும்போது அத்தையிடம் ஏரி, பனி, டீக்கடை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நாப்பத்திரண்டு வருஷமா மாடியில துணி காயப் போடும்போதெல்லாம் அந்த மலையைப் பாக்கறேன். உங்க மாமாவோட தனியா ஒரு நாள் போனதில்ல. போனா பத்துப் பேரு வேன்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

பொங்கல் கழிந்து ஜனவரி கடைசியில் அவர்கள் இரண்டு பேருக்கும் அதே விடுதியில், படி ஏறாத கீழ்த்தள அறை போட்டிருக்கிறோம். நாங்கள் நாலு பேரும் சேலம் போய் வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம். நேற்று அத்தை போன் பண்ணினார். மாமாவுக்குக் குரங்குத் தொப்பி வேண்டுமா என்று கேட்டார். வேண்டும், காலையில் நல்ல குளிர் என்றேன். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பக்கத்து வீட்டுல என்னன்னு சொல்லிட்டுப் போறது?" என்று கேட்டார்.

"ஏற்காட்டுக்குப் போறோம்னு சொல்லுங்க அத்தை" என்றேன்.