ஜமைக்கா அணி வண்டியைத் தோளில் சுமந்து வந்ததா?

"1988 ஒலிம்பிக்கில் பதக்கத்தை நெருங்கிய ஜமைக்கா அணியின் பாப்ஸ்லெட் (பனிப்பாதையில் சறுக்கும் பந்தய வண்டி) உடைந்தது, நால்வரும் அதைத் தோளில் சுமந்து முடிவுக்கோட்டைக் கடந்தார்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது 1993இல் வந்த டிஸ்னி படத்தின் உச்சக்காட்சி. கனடாவின் கால்கரியில், அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கில் நடந்தது வேறு.

பதக்கப் பேச்சுக்கே அங்கே இடமில்லை. முதல் இரண்டு ஓட்டங்களிலும் நால்வர் அணி பட்டியலின் கடைசிப் பக்கம்தான் இருந்தது. மூன்றாவது ஓட்டத்தில் வண்டி கவிழ்ந்து, வீரர்களின் தலைக்கவசம் பனிச்சுவரில் உரச வெகுதூரம் சறுக்கியது. அப்புறம் அவர்கள் எழுந்து வண்டியோடு நடந்தே வந்தார்கள். தூக்கவில்லை. அந்த வண்டி 200 கிலோவுக்கு மேல்!

ஒலிம்பிக் தேர்வில் தோற்ற ஓட்டக்காரர்கள் சேர்ந்த அணி என்பதும் திரைக்கதைதான். ஜமைக்காவில் தள்ளுவண்டிப் பந்தயத்தைப் பார்த்த இரண்டு அமெரிக்கர்களுக்கு வந்த யோசனைதான் இந்த அணி. ஆட்கள் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து வந்தார்கள். ஓட்டுநர் டட்லி ஸ்டோக்ஸ் ராணுவ ஹெலிகாப்டர் விமானி. அவருடைய தம்பி கிறிஸ், அண்ணனை உற்சாகப்படுத்த வந்த இடத்தில் கடைசி நேர மாற்றாளாக ஏறியவர். என்னைக் கேட்டால், படத்தை விட இதுதான் நம்ப முடியாத கதை. ஏமாற்றியதற்காகப் பதக்கம் பறிபோன பயிற்சியாளர் பாத்திரமும் கற்பனை.

சரி, பகிர நல்ல செய்தி வேண்டுமா? 1994இல் நார்வேயின் லில்லஹாமரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஜமைக்காவின் நால்வர் அணி, அமெரிக்காவையும் ரஷ்யாவையும் முந்தி 14ஆவது இடம் பிடித்தது.