518 என்ற எண்ணுக்குப் பின்னால்
கடலில் தவிப்பவர்களைக் காப்பாற்றிய ஹெச்.எஃப். பெய்லி என்ற மீட்புப் படகைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; அதன் பெருமையை அந்தக் கட்டுரை '1935 முதல் 1945 வரை காப்பாற்றியது 518 உயிர்கள்' என்ற ஒரே கணக்கில் முடித்துவிடுகிறது. எண்ணிக்கை சரிதான், ஆனால் அந்தப் படகு எப்படிப்பட்டது என்று அது சொல்லவில்லை. 1941 அக்டோபர் 26 அன்று நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக் கரைக்கு அப்பால் இங்கிலிஷ் டிரேடர் என்ற சரக்குக் கப்பல் மணல்திட்டில் சிக்கிக் கிடக்கிறது. நெருங்கிப் போன பெய்லியை ஒரு பேரலை பக்கவாட்டில் சாய்த்துவிடுகிறது. கவிழ்ந்தால் தானே நிமிர்கிற வகைப் படகும் அல்ல அது. தலைமைப் படகோட்டி ஹென்றி பிளாக் உட்பட ஐந்து பேர் கடலில் விழுகிறார்கள். அவருக்கு அப்போது 65 வயது. ஐவரையும் மேலே இழுத்துவிட்டார்கள், ஆனால் ஒருவர் பிழைக்கவில்லை. கப்பலில் இருந்த யாரையும் மீட்க முடியாமல் கிரேட் யார்மத் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கூட வந்தவரைப் பறிகொடுத்த அதே ஆட்கள், மறுநாள் விடியுமுன் அதே படகில் மறுபடி கிளம்பி 44 பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். அப்புறம், 'இதெல்லாம் பிளாக் ஒருவரின் வீரம், படகு வெறும் கருவி' என்று அந்தக் கட்டுரைக்கு ஒரு வாசகர் கருத்து எழுதியிருக்கிறார். பிளாக்கின் வீரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவ்வளவு சாய்ந்த பிறகும் நிமிர்ந்து நின்று, விழுந்தவர்களைத் தேடிப் போக இடம் கொடுத்த படகை வெறும் கருவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று அது நார்ஃபோக் கரையில் உள்ள குரோமர் ஊரில், பிளாக்கின் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது.