ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள், நோயாளி எதால் உள்ளே போவது?

போன கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வேலை நடக்கிற எந்த ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும்.

அம்மாவுக்கு 71 வயது. சீனி வருத்தம், பிரஷர், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மட்டக்களப்பில், கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து விடியவே வெளிக்கிட்டு, மண்முனைப் பாலத்தால் வந்து, பிரதான வீதியில் இன்னொரு பஸ் ஏறிப் போக வேண்டும். ஏழு மணிக்கு முதல் நம்பர் எடுத்தால்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

பஸ்ஸால் இறங்கிப் பார்த்தால், வழமையாகப் போகிற கேற்றைக் காணவில்லை. நீளத்துக்குத் தகரம் அடித்திருந்தது. உள்ளே பெக்கோ இயந்திரம் கிடங்கு வெட்டுகிற சத்தம். காவலுக்கு நின்ற தம்பி, "அக்கா, அங்கால போய் இடக்கைப் பக்கம் கிறுகுங்க, பின் கேற் திறந்திருக்கு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அவரில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பின் கேற் எனக்கு ஐந்து நிமிட நடை, அம்மாவுக்கு இருபத்தைந்து நிமிடம். இரண்டு தரம் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நிழல் இல்லை, இருக்க ஒரு கல்லும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நம்பர் நூறைத் தாண்டியிருந்தது.

உள்ளே போன பிறகும் அலைச்சல்தான். இரத்தம் எடுக்கிற அறையை ஒரு பக்கமும் மருந்து கொடுக்கிற இடத்தை இன்னொரு பக்கமும் மாற்றியிருக்கிறார்கள். இடையில் சல்லிக்கல் கொட்டிய நிலம். சக்கர நாற்காலியில் ஒரு ஐயாவைத் தள்ளிக்கொண்டு வந்த மகனைப் பார்த்தேன். முன் சில்லு சல்லியில் புதைந்து அசையவில்லை. கடைசியில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு மேசன் பொடியன்கள் ஓடிவந்து நாற்காலியோடு ஐயாவைத் தூக்கினார்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு பலகையும் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அந்தப் பொடியன்களுக்குத் தோன்றியது, வேலையைத் திட்டம் போட்டவர்களுக்கு முதலே தோன்றியிருக்க வேண்டும்.

என்னை இன்னும் நித்திரை கொள்ள விடாதது வேறொன்று. நாங்கள் திரும்பி வந்து பஸ்ஸுக்கு நின்ற நேரம், ஒரு ஓட்டோ அந்த மூடிய கேற்றுக்கு நேரே வேகமாக வந்து நின்றது. பின்னால் தாயின் மடியில் ஒரு பிள்ளை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஓட்டோக்காரர் தகரத்தைப் பார்த்துத் திகைத்து, பின்னுக்கு எடுக்கப் பார்த்தால் பின்னால் மண் ஏற்றிய டிப்பர். அந்த டிப்பர் விலகும் வரைக்கும் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் சாரதிக்குப் புதுக் கேற் தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் சனம் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு ஓட்டோவைத்தான் கூப்பிடும். அந்த ஓட்டோக்காரருக்கு யார் சொல்வது?

நான் கட்டடத்துக்கு எதிரானவள் இல்லை. வாட்டில் கட்டில் இல்லாமல் பாயில் கிடந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். புதுக் கட்டடம் வரட்டும், அது எங்களுக்குத்தான். ஆனால் கட்டி முடிக்க எடுக்கிற வருடங்களிலும் நோயாளி வந்துகொண்டுதான் இருப்பார். 71 வயதுக்காரருக்கு அது சின்னக் காலம் இல்லை. திறப்பு விழாவை எத்தனை பேர் காண்பார்களோ!

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிய விடயமும் இல்லை. கல்லடியில் 1924இல் கட்டிய பழைய பாலத்தை உடைத்துவிட்டா புதுப் பாலத்தைப் போட்டார்கள்? பக்கத்தில் புதிதைக் கட்டினார்கள். 2013இல் அது திறக்கும் வரைக்கும் பழையதால், ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் விட்டு, வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் முன்னர் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைச் சனம் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தது. புதுவழி திறக்கும் வரை பழைய வழியை மூடக்கூடாது என்பது பாலம் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலுக்கும் அதே கணக்குத்தானே.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. வலதுகுறைந்தவர்களின் உரிமைகளுக்கான சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்களில் அது கட்டாயம் என்று உயர் நீதிமன்றமும் 2011இல் சொல்லிவிட்டது. புதுக் கட்டடத்தில் சாய்தளம் வரும் என்று நம்புகிறேன். அது வரும் வரைக்கும் போட்டிருக்கிற பலகையும் சாய்தளம்தான். ஒரு அடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது எல்லோரும் பாவிக்கிற அளவு. நான் பார்த்த பலகை இரண்டு அடி உயரத்துக்கு ஆறு அடி கூட இல்லை.

தூசியையும் சும்மா விடக்கூடாது. கட்டட வேலைத் தூசியோடு அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணத்தின் வித்துகளும் பறக்கும். நல்ல சுகமாக இருக்கிறவர்களை அது ஒன்றும் செய்யாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலில் அது பெரிய ஆபத்து. மண்ணை நனைத்து வேலை செய்வதும், வாட்டுப் பக்கம் இடைவெளியில்லாமல் மறைப்புக் கட்டுவதும் அதனால்தான்.

பெரிய காசு கேட்கிற காரியங்களை நான் கேட்கவில்லை. அடுத்த திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதுகிறபோது எந்தக் கேற்றால் வர வேண்டும் என்பதையும் எழுதிவிட்டால் என்ன? பத்து மணி வரைக்கும் டிப்பர்களை வீதியில் மறித்து வைக்கலாம். மூடிய கேற்றடியில் ஒரு ஆளும் இரண்டு சக்கர நாற்காலியும் நின்றால் பாதி அலைச்சல் குறையும். அப்புறம், 2020இல் கொரோனா ஊரடங்கு நேரம் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்களே! வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களுக்கு, வேலை முடியும் வரைக்கும் ஒன்றுவிட்ட மாதமாவது அப்படிச் செய்ய முடியாதா? அன்றைக்குச் செய்து காட்டியவர்கள்தானே.

கார்த்திகை பிறந்தால் மழை. அந்தச் சல்லி நிலம் சேறாகும், வெட்டின கிடங்கில் தண்ணீர் நிற்கும். செய்வதென்றால் அதற்கு முதல் செய்ய வேண்டும்.

பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கிளினிக்கன்று நேரே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். உங்கள் வீட்டிலும் கிளினிக் போகிறவர்கள் இருந்தால் வாருங்கள், சேர்ந்து கையெழுத்து வைப்போம். நேற்றிரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மதிலோரம் இருந்து போக ரெண்டு வாங்கும் போடச் சொல்லி எழுது மகள்" என்றார். அந்த இரண்டு இருக்கைகளையும் சேர்த்துவிட்டேன்.