செல்ஃபியில் தெரிவது உங்கள் பிள்ளையின் மூக்கு இல்லை

பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகள் மூக்கு ஆபரேஷனைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஆதாரமாகக் காட்டுவது ஒரு செல்ஃபி. "பாருங்க, எவ்வளவு அகலமா இருக்கு!"

அந்தப் படத்தை நம்பிக் கத்தி வைக்கக் கூடாது. 12 அங்குலத்தில் எடுத்த படத்தில், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூக்கு நுனி, கன்னத்தைவிடச் சில சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. போன் 30 செ.மீ.யில் இருக்கும்போது அந்தச் சில சென்டிமீட்டர் பெரிய வித்தியாசம், 150 செ.மீ.யில் அது பொருட்டே இல்லை. பலரும் லென்ஸைத் திட்டுகிறார்கள். காரணம் தூரம்தான், எவ்வளவு விலைக்குப் போன் வாங்கினாலும் இது மாறாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கவையுங்கள். 5 அடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவை மூக்கின் உயரத்துக்குப் பிடித்து, 2 மடங்கு ஜூம் வைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். அதே இடத்தில் ஒரு செல்ஃபி. மூன்றையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். போனைத் தாழ்த்திப் பிடித்தால் மூக்குத்துளை பெரிதாகி, சோதனையே கெட்டுவிடும்.

இதோடு ஃபில்டர் வேறு. அது மூக்கைக் கேட்காமலே ஒடுக்கிவிடுகிறது. ஒடுக்கிய படத்தையும் ஊதிய செல்ஃபியையும் ஒப்பிட்டு ஒரு குழந்தை அழுகிறது; இரண்டுமே அதன் முகம் இல்லை.

அப்புறமும் ஆபரேஷன்தான் வேண்டும் என்றால், வயதைப் பாருங்கள். மூக்கு எலும்பும் குருத்தெலும்பும் வளர்ந்து முடியப் பெண்களுக்கு ஏறத்தாழ 15–16, ஆண்களுக்கு 17–18 ஆகும். அதற்குமுன் அழகுக்காகச் செய்வது தவறு என்றே சொல்வேன். நம்மில் பலருக்கு மூக்கு நுனியில் தோல் தடிப்பு. உள்ளே குருத்தெலும்பைக் குறைத்தாலும் மேல்தோல் அதற்கேற்பச் சுருங்காது. இடைவெளியில் தழும்புத் திசு வளர்ந்து நுனி முன்பைவிட உருண்டையாகத் தெரியலாம். அதனால் இத்தகைய மூக்குக்கு, நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து நுனிக்குத் தாங்கல் கொடுப்பார்கள். மூக்கின்மேல் போடும் கட்டை ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். வீக்கம் முழுதும் வடிய ஒரு வருடம், தடித்த தோலுக்கு அதற்கும் மேல். மூன்றாம் மாதமே கண்ணாடி பார்த்து "கெட்டுப்போச்சு" என்று மறு ஆபரேஷன் கேட்பவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"ஊசிதானே" என்று ஃபில்லருக்கு, அதாவது தோலுக்கடியில் நிரப்பி வடிவத்தை மாற்றும் ஊசிக்குப் போவது இன்னும் ஆபத்து. மூக்கில் போடும் ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழே அழகுக்காக இதைப் போடுவதை 2021 அக்டோபரில் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள்.

"அப்பா மூக்கு அப்படியே வந்துடுச்சு, பொண்ணு பாவம்" என்று கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லும் அத்தைகளே, சித்திகளே, தயவுசெய்து நிறுத்துங்கள். ஃபில்டர் வருவதற்கு முன்பே அந்தப் பேச்சு வந்துவிடுகிறது.

ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூக்கைப் பற்றியே நினைப்பது, பள்ளி குரூப் போட்டோவுக்கு வராமல் ஒளிவது, கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது இருந்தால், அது உடல் தோற்றம் சார்ந்த மனநோயாக இருக்கலாம். 12, 13 வயதில் தொடங்குவதுதான் அதிகம். அதற்கு ஆபரேஷன் மருந்தில்லை. மூக்கைச் சரிசெய்தால் கவலை தாடைக்குப் போகலாம். முதலில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.