“கண்டிப்பாகப் புலி பார்க்கலாமா?”

நீலகிரி மாவட்டத்தில் முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடியில் பிறந்து வளர்ந்தவள் நான். சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டித்தான் என் தம்பி குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். எனவே சுற்றுலாவே வேண்டாம் என்று எழுத எனக்கு மனம் வராது. ஆனால் அவனைத் தொலைபேசியில் அழைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, “கண்டிப்பாகப் புலி பார்க்கலாமா அண்ணா?” என்பதுதான். அந்தக் ‘கண்டிப்பாக’ என்ற ஒரு சொல்தான் எங்கள் காட்டுக்குப் பெரும் கேடாக இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சென்ற மார்ச்சில் ஒரு நாள் மாலை, தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி வரும் சாலையில் எங்கள் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் பத்துப் பன்னிரண்டு கார்கள் நின்றன. சாலையோரத்து உண்ணிச்செடிப் புதரை ஒட்டி ஒரு தாய் யானையும், அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டியும். சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போகத்தான் அவை வந்திருந்தன. தாய் இரண்டடி முன்னால் வைக்கும், ஒரு கார்க் கதவு திறக்கும், உடனே பின்வாங்கும். குட்டி வெளியே வரப் பார்த்தபோதெல்லாம் தும்பிக்கையால் அதைத் தன் கால்களுக்கிடையே இழுத்துக்கொண்டது. அதன் காதுகள் ஆடாமல் விரிந்து நின்றன, வால் விறைத்திருந்தது. காட்டோரம் வாழ்பவர்களுக்கு அதன் பொருள் தெரியும். காரிலிருந்து இறங்கிக் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியவில்லை. கால்மணி நேரம் பார்த்துவிட்டு, அந்த யானை வந்த வழியே திரும்பிப் போனது.

யானைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். எங்கள் சீகூர்ப் பகுதி, மலை மறைப்பதால் மழை குறைவாகப் பெய்யும் மழை மறைவு நிலம். கோடையில் குட்டைகள் வற்றிய பிறகு மாயாறும் சில ஓடைகளும்தான் கதி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழியும் இதுவே என்பதால்தான், இங்குள்ள நிலத்தை யானை வழித்தடமாக அரசு அறிவித்தது செல்லுபடியாகும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆயினும், விடுதிப் பக்கம் வந்த யானைமீது சிலர் எரியும் பொருளை வீச, அது காயங்களால் 2021 ஜனவரியில் இறந்துபோனதும் இதே மசினகுடியில்தான். அந்தக் காணொளியை என்னால் இன்றுவரை முழுதாகப் பார்க்க முடியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. பின்னர் வந்த வழிகாட்டுதல்கள், மையப்பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது என்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டும். 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என வரம்பும் வந்தது. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இ-பாஸ் மாவட்டத்துக்குள் வரும் வண்டிகளைத்தான் எண்ணும். யானையின் முன்னால் நிற்கும் வண்டிகளை யார் எண்ணுவது?

விலங்கைக் காட்டியே தீருவோம் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒருமுறை வாக்குக் கொடுத்துவிட்டால், ஓட்டுநர் காசு வாங்கிய கடனுக்காக எதையாவது துரத்த வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் விளக்கடித்துக் காட்டுகிறேன் என்று அழைத்துப்போவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காட்டில் பார்ப்பதற்குப் புலியும் யானையும் மட்டும்தானா? தென்னிந்தியாவில், செத்த விலங்குகளைத் தின்னும் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டி வாழும் மிகச் சில இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் ஒன்று. டைக்லோஃபினாக் என்ற வலி மருந்து போடப்பட்ட கால்நடைகளின் பிணத்தைத் தின்று நாடு முழுவதும் செத்து விழுந்த பறவை அது. கரையோர நீர்மத்தி மரங்களில் கூடு கட்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். வானத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும்போதே அது பாறா வேறு கழுகா என்று சொல்லக்கூடிய இருளர், குறும்பர் பழங்குடியினர் எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிறார்கள். அவர்களை வழிகாட்டிகளாக அமர்த்தி, தூரத்திலிருந்தே காட்டச் சொல்லி, நல்ல ஊதியம் கொடுத்தால் வண்டிகள் பாதியாகக் குறைந்தாலும் ஊர் பிழைக்கும். இதை நான் கூட்டங்களிலும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

தம்பி இப்போது அழைப்பவர்களிடம், “காட்டோரம் கூட்டிப் போகிறேன் சார், எது தெரியும் என்று சொல்ல முடியாது” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். சிலர் அந்தக் கணமே அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள். அந்த வாடகை போனால் போகட்டும் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.