சென்னை டு டொராண்டோ 15 மணி நேரமாம்! எந்த விமானத்தில்?

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் பதில் வந்து விழுகிறது: சுமார் 13,400 கிலோமீட்டர், விமானத்தில் 15 மணி நேரம். யார் பறந்து பார்த்துச் சொன்னது? ஒருத்தரும் இல்லை. சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானமே கிடையாது! பூமி உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்து, வந்த தூரத்தை விமானத்தின் மணி வேகம் 900 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்து எழுதிவிடுகிறார்கள். அவ்வளவுதான் இவர்கள் ஆராய்ச்சி.

அந்த நூல் எந்த வழியாகப் போகிறது என்றாவது பார்த்தார்களா? பஞ்சாபைத் தாண்டி பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், அப்புறம் ரஷ்யா, ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்து. 2022 பிப்ரவரியில் கனடா விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது ரஷ்யா. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மூடியது பாகிஸ்தான். கொக்கு வேண்டுமானால் அந்த வழியில் போகலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், தூரக் கணக்கு அப்படியொன்றும் மோசமில்லை. துபாய் வழியாகப் போனாலும் மொத்தம் 14,000 கிலோமீட்டர்தான் வரும். நேரத்தில்தான் மொத்தப் புளுகும். சென்னை–துபாய் 4 மணி நேரத்துக்கு மேல். துபாய்–டொராண்டோ மட்டுமே சுமார் 14 மணி நேரம். நடுவில் துபாயில் 4 மணி நேரம் உட்கார்ந்தால் கணக்கு 22ஐத் தாண்டிவிடும். விடிகாலை 4 மணி விமானத்துக்கு 1 மணிக்கே மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து வருகிறவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே காரில் ஏறியிருப்பார்கள். டொராண்டோவில் இறங்கினால் இமிக்ரேஷன் வரிசை, பெட்டிக்கு ஒரு காத்திருப்பு. வீட்டிலிருந்து வீட்டுக்கு 30 மணி நேரம் ஓடிவிடும்.

டிக்கெட்டைப் பார்த்தால் இன்னும் குழப்பம். காலை 4 மணிக்குக் கிளம்பி அன்றே சாயங்காலம் 5 மணிக்கு இறங்குவதாக இருக்கும். "அட, 13 மணி நேரம்தானா!" என்பார் ஒரு மாமா. கோடையில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது மாமா, அதையும் கூட்டுங்கள்! போக வர ஒரே நேரம் போடுகிறார்களே, அது இன்னொரு கூத்து. மேற்கே போகும்போது காற்று எதிரே வரும், திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும். டொராண்டோவிலிருந்து துபாய் வரும் விமானத்துக்கே இதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறையும்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்காதீர்கள். டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிற என் தம்பி அந்த எண்ணை நம்பி, "15 மணி நேரம்தானேம்மா, ஒரு வேளை மாத்திரையைக் கையில் வெச்சுக்கோ, மத்ததைப் பெட்டியில் போட்டுடு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வேளை தவறாமல் மாத்திரை போடுகிறவர். புறப்படுகிற அன்று பெட்டியைப் பூட்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டு, மூன்று வேளைக்கானதைத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கைப்பையில் திணித்தேன்.

'நேரடி விமானம் இல்லை' என்று அந்த எண்ணுக்குக் கீழே மூன்று வார்த்தை போட இவர்களுக்கு என்ன வலிக்கிறது?